நாற்பது புறாக்களும் ஒரு தூசியும்

"நாலா? பதினோரு மாசம் கண்ணு பூத்துப்போகத் துடைச்ச படத்துக்கு நாலு மார்க்கா சார்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் ஃப்ரேம் போட்டு ஷோகேஸ்ல வெச்சுட்டீங்களா?"

"படத்துக்கு நாலு, ஒலிக்கு ஒன்பது. முழுசாப் படிங்கம்மா."

"ஒலியை நானா செஞ்சேன்? நான் செஞ்சது படம்!"

"அதான் நாலு."

இந்தச் சண்டை மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நடந்தது, ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கு. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர், இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டியபடியே, இடது கண்ணுக்கு ஒரு லென்ஸும் வலது கண்ணுக்கு வெறும் ஓட்டையுமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு, கடையின் பெயர்ப்பலகை மேல் நிறமே இல்லாத ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. புறா என்றாலே சாம்பல் நிறம்தானே, அதில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

கண்ணாடிக் கடைக்காரருக்கு இன்னொரு வேலை இருப்பது தெருவுக்கே தெரியும். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக டிஸ்க்கில் வெளியாகும் படங்களுக்கு மார்க் போடுவது. கதைக்கு அல்ல, நடிப்புக்கும் அல்ல. படம் எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது, ஒலி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறார். கடைக்கு மேலே இருக்கிற வீட்டின் முன்னறையை இதற்காகவே சாம்பல் நிறம் பூசி, ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டு, திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் ஒரு நாற்காலியைத் தரையோடு திருகாணி வைத்து முடுக்கியிருந்தார். அந்த நாற்காலியில் கால் விரலை இடித்துக்கொள்ளாத உறவினர் கிடையாது. கல்யாணம் ஆகாமல் போனதற்கு அந்த நாற்காலியே காரணம் என்று ஒரு கட்சி தெருவில் உண்டு. பெண் வீட்டார் வந்தால் உட்கார வேறு இடமில்லை.

தெருவுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அவருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இடது பக்க ஒலிக்கும் வலது பக்க ஒலிக்கும் யாரால் மார்க் போட முடியும்? போட்டது அவருடைய அக்கா. கணவர் போன பிறகு தம்பியோடு வந்து தங்கிய அந்த அம்மாள், அவர் படம் பார்க்கும்போது சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டோ இரவல் வாங்கிய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டோ இருப்பார். படம் முடிந்ததும் அங்கிருந்தே "ஏழு" என்பார், "அஞ்சரை, அந்த வில்லன் தொண்டைக்குள்ள யாரோ அப்பளம் பொரிக்கறாங்க" என்பார். தம்பி அப்படியே எழுதிக்கொள்வார். 'உங்களுடைய தங்கக் காதுக்கு வணக்கம்' என்று வாசகர்கள் எழுதிய கடிதங்களை அவர் மனசாட்சிப்படி சமையலறைச் சுவரில்தான் ஒட்டிவைத்திருந்தார்.

சண்டைக்கு வந்தவள் பின்தெருவில் இருக்கிற டிஸ்க் கம்பெனியில் பழைய படங்களைத் துடைக்கிறவள். எப்போதும் கைப்பையில் பஞ்சு இருப்பதால் எல்லோருக்கும் அவள் பஞ்சு. முப்பது வயது, ஒல்லி, கோபம் வந்தால் மட்டும் குரல் இரண்டு மடங்கு. கம்பெனி அறுபது வருஷம் பழசான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பிடித்து, பஞ்சு அதைப் பஞ்சாலும் பிறகு கம்ப்யூட்டராலும் துடைத்து, பளபளவென்று டிஸ்க்காக வெளியிட்டிருந்தது. எல்லாப் பத்திரிகைகளும் ஒன்பது, ஒன்பதரை என்று அள்ளிக் கொடுத்தன. கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் இப்படி எழுதினார்: 'மூன்றாம் ரீலில் நாயகி மொட்டைமாடிக் கதவைத் திறக்கும்போது அவளுக்குப் பின்னால் எழும்ப வேண்டிய நாற்பத்தொரு புறாக்கள் எழும்பவில்லை. வானம் துவைத்துக் காயப்போட்டது போல் இருக்கிறது. படம்: நான்கு.'

"புறாவே கிடையாது சார் அந்த சீன்ல. நான் ஃப்ரேம் ஃப்ரேமாப் பார்த்தவ."

"நாற்பத்தொண்ணு. பழைய வீடியோ டேப்புல நிறுத்தி நிறுத்தி எண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"அப்ப டேப்பைக் காட்டுங்க."

டேப் எட்டு வருஷத்துக்கு முன்பே பிளேயருக்குள் சிக்கி நூல் நூலாகப் போயிருந்தது. நோட்டு மட்டும்தான் இருந்தது. நோட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று பஞ்சு சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் மாடிப்படியின் மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏம்மா பொண்ணே, புறா இல்லைன்னா அந்த எடத்துல படபடன்னு சிறகடிக்கற சத்தம் எதுக்கு வருது? வானமா சிறகடிக்குது?"

பஞ்சு பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். இரும்புச் சட்டம் மாட்டிய ஆசாமி அதற்குப் பிறகுதான் "எனக்கு நம்பர் என்னன்னு..." என்று இழுத்தார்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. கம்பெனி கொதித்துப்போயிருக்கிறது, இல்லாத புறாக்களைத் தேடுகிறவருக்கு பத்திரிகையில் ஒரு பக்கம் அவசியமா என்று கேட்கிறது, எனவே இருபதாம் தேதிக்குள் நான்கை எட்டாக்கி, இரண்டு வரி வருத்தமும் எழுதி அனுப்பவும், இல்லையேல் கடைசிப் பக்கம் வேறொருவருக்குப் போகும். அந்த வேறொருவர் யார் என்பதும் தெரியும். எதைப் போட்டுக் காட்டினாலும் ஒன்பது கொடுக்கிற ஒரு மனிதர். கண்ணாடிக் கடைக்காரர் பத்தொன்பது வருஷத்தில் கொடுத்த மார்க்கை ஒருமுறைகூட மாற்றியதில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டி "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டதில் வழக்கத்தைவிட ஒரு கெஞ்சல் இருந்ததாக எதிர்க்கடைத் தையல்காரர் சொன்னார்.

அதற்குள் பலகை மேல் புறாக்கள் ஏழாகியிருந்தன. வியாழக்கிழமை பதினெட்டு. அவற்றின் கால்கள் சிவப்பாக இல்லை என்பதை முதலில் பார்த்தவர் அவர்தான். கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்க வேண்டிய இடத்தில் சாம்பலில் ஒரு கருஞ்சாம்பல். தன் கண்ணில்தான் கோளாறு என்று பயந்து, கடையைப் பாதி சாத்திவிட்டு, நிறப்புள்ளி அட்டைகளை எடுத்துத் தனக்குத்தானே பரிசோதனை செய்துகொண்டார். எல்லாவற்றிலும் பாஸ். பிறகு தையல்காரரை அழைத்துவந்து காட்டினார். தையல்காரர் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் புறாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேட்சிங் என்கிட்ட இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

இனி அந்தப் புறாக்களின் குணங்கள். அவை தானியம் தின்னவில்லை. எச்சமும் போடவில்லை; இதனால் தெருவில் அவற்றுக்கு உடனடியாக நல்ல பெயர் வந்தது. பறந்தால் இடமிருந்து வலமாக மட்டுமே பறந்தன, அதுவும் சரியாக நான்கு விநாடி: கண்ணாடிக் கடை மொட்டைமாடியிலிருந்து தையல் கடைக்குப் பக்கத்து வீட்டு மாடி வரை. வலமிருந்து இடம் பறக்க அவற்றுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு முறையும் வரிசையாகக் கைப்பிடிச் சுவர் மேல் நடந்தே திரும்பின, ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் மாதிரி. நடுவில் தெரு குறுக்கிடும் இடத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, கடந்து, குழாயைப் பிடித்து மறுபடி ஏறின. எல்லாவற்றையும்விட முக்கியம், அவற்றுக்குச் சத்தம் கிடையாது. பதினெட்டுப் புறாவும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒரு தாள் புரளும் ஓசைகூட வராது.

"பாவம்டா, சத்தம் டிஸ்க்குலயே தங்கிடுச்சு" என்றார் அக்கா. ஸ்பீக்கர் இரண்டையும் வயரோடு இழுத்து ஜன்னலில் வைத்து, மூன்றாம் ரீலின் அந்த நான்கு விநாடியைப் போட்டார். புறாக்கள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பின. பிறகு கிளம்பின. சத்தமும் சிறகும் அரை விநாடி முன்பின்னாக இருந்தன. அக்கா உச்சுக்கொட்டிவிட்டு, இன்னொருமுறை, இன்னொருமுறை என்று ஒரு மணி நேரம் முயன்றார். ஒத்துவரவில்லை. அதற்குள் கீழே அறுபது பேர் கூடிவிட்டார்கள்.

கூட்டத்தில் பஞ்சுவும் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமை அது. கண்ணாடிக் கடைக்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நோட்டில் எண்ணிக்கையை எழுதினார். இருபத்தாறு. அவளோ நேரே மாடிக்குப் போய் சமையலறையில் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் அங்கே சொன்னது நம் காதுக்கு வர மூன்று நாள் ஆயிற்று, ஆனால் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒரு சட்டம் உண்டாம். ஒரு ஃப்ரேமில் மட்டும் இருந்து, அதற்கு முந்தியதிலும் பிந்தியதிலும் அதே இடத்தில் இல்லாத புள்ளி எதுவோ அது தூசி, அதை அழித்துவிடு. வேகமாகப் பறக்கிற புறாவும் அதே மாதிரிதான், ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறொரு இடத்தில் இருக்கும். அதனால் பஞ்சு எப்போதும் கம்ப்யூட்டரைக் குறைந்த அளவில் வைத்து, மிச்சத்தைக் கையால் துடைப்பவள். மூன்றாம் ரீல் அன்று மட்டும் முதலாளி வந்து நின்று அவசரப்படுத்த, அளவை உச்சத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

"ஒரே ஒரு டீ அக்கா. பதினோரு மாசத்துல அந்த ஒரு தடவைதான் கண்ணை எடுத்தேன்."

"டீ நல்லா இருந்துச்சா?"

"ஆறிப்போன டீ."

"அடப்பாவமே" என்றார் அக்கா, புறாக்களுக்கு அல்ல.

அதற்குப் பிறகு எண்ணுகிற வேலை இரண்டு பேருடையதாயிற்று. அவர் இடது முனையில் நோட்டோடு, அவள் வலது முனையில் பஞ்சுப் பையோடு. கிளம்பும்போது அவர் எண்ணுவார், இறங்கும்போது அவள். முப்பத்தொன்று, முப்பத்தாறு, முப்பத்தொன்பது. பதினேழாம் தேதி நாற்பதாவது புறா வந்தது, மற்றவற்றைவிடச் சற்று மங்கலாக, உடம்பின் மேல் நெடுக ஒரு வெள்ளைக் கீறலோடு. தெருவே கைதட்டியது. பிறகு எல்லோரும் நாற்பத்தொன்றாவதுக்காகக் காத்திருந்தார்கள். பதினெட்டு போயிற்று. பத்தொன்பதாம் தேதி மத்தியானமும் ஆயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டுத் தட்டை மாடிக்கே வரவழைத்துக்கொண்டார். ஒரு காக்கையைக்கூட இரண்டு நிமிஷம் சந்தேகத்தோடு பார்த்தார்.

"வராது சார்" என்றாள் பஞ்சு.

"வரும். நாற்பத்தொண்ணு. நான் எண்ணினது."

"நான் ஆபீஸ்ல துடைக்கறதுக்கு முந்தின மூல ஸ்கேனை எடுத்துத் தொண்ணூத்தாறு ஃப்ரேமையும் பார்த்துட்டேன். நாற்பதுதான். உங்க நாற்பத்தொண்ணாவது புறா தண்ணித்தொட்டிக்கு மேல, இடது ஓரம், கொஞ்சம் பெரிசா, அசையாம இருந்துச்சா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஆமா. அசையல. உட்கார்ந்திருக்கற புறான்னு நினைச்சேன்."

"அது உங்க டேப்புல இருந்த தூசி."

கண்ணாடிக் கடைக்காரர் கைப்பிடிச் சுவரில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், தூசியைப் புறா என்று எண்ணியிருக்கிறார். அதை அச்சிலும் போட்டிருக்கிறார். பஞ்சு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் நாற்பது புறாவைத் தூசின்னேன். நீங்க ஒரு தூசியைப் புறான்னீங்க. உங்க பக்கம் போகாம இருக்கணும்னா என் வேலை போகணும்" என்றாள். அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலாளி மறுநாள் காலை நேரில் வந்தார். பஞ்சுவின் முகத்தில் ரத்தம் இல்லை, அந்தப் புறாக்களுக்குப் பக்கத்தில் நின்றால் ஒன்று கூடுதலாக எண்ணியிருப்பார்கள். முதலாளி ஒரு முறை புறாக்கள் பறந்ததையும், இறங்கியதையும், நடந்து திரும்பியதையும் முழுசாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் படத்தின் வீடியோ உரிமை முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே இந்தப் புறாக்களும் கம்பெனிக்கே சொந்தம் என்றார்.

"உங்களோடதுன்னா கூட்டிட்டுப் போங்க" என்றார் அக்கா ஜன்னலிலிருந்து.

முதலாளி கூப்பிட்டார். விசில் அடித்தார். கோட்டைக் கழற்றி விரித்துக்கூடக் காட்டினார். புறாக்கள் இடமிருந்து வலமாகப் பறந்து, நடந்து திரும்பின. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இவ்வளவு சாட்சியோடு புறா இல்லை என்று சாதிக்க முடியாதென்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். மூன்றாம் ரீலை மறுபடி செய்து இரண்டாம் பதிப்பு வெளியிடலாம், துடைக்கிற வேலையை இந்தப் பெண்ணே செய்யட்டும், ஆனால் இந்த முறை டீ மேஜைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் அன்று மத்தியானம் ஆசிரியருக்கு அனுப்பியது இவ்வளவுதான்: 'சென்ற இதழில் நாற்பத்தொரு புறாக்கள் காணவில்லை என்று எழுதியிருந்தேன். காணாமல் போனவை நாற்பது. ஒன்று தூசி. அந்த ஒன்றுக்காக வாசகர்களிடமும் படத்தைத் துடைத்தவரிடமும் வருந்துகிறேன். படம்: நான்கு.' அதற்குக் கீழே, பஞ்சு தன் கைப்பட 'நாற்பது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கம்பெனியே இறங்கிவந்துவிட்ட பிறகு, ஆசிரியர் கேட்ட வருத்தமும் இரண்டு வரிக்கு மேலேயே இருந்ததால் அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. பக்கம் கண்ணாடிக் கடைக்காரரிடமே நின்றது. ஒன்பது மார்க்காரருக்கு ராசிபலன் பக்கம் கொடுத்தார்கள். அங்கே அவர் மிகவும் சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

இரண்டாம் பதிப்பு நான்கு மாதத்தில் வந்தது. நாயகி கதவைத் திறந்தாள், நாற்பதும் எழும்பின. படம்: எட்டு, ஒலி: ஒன்பது. தெருவில் இருந்த புறாக்கள் அதனால் போய்விடும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள், ஒருவர் வழியனுப்பக்கூட வந்திருந்தார். அவை எங்கும் போகவில்லை. நகல் எடுத்தால் மூலம் குறைந்தா போகும் என்றாள் பஞ்சு, அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஒரே ஒரு வித்தியாசம், டிஸ்க் கடைக்கு வந்த அன்று காலை அவற்றின் சிறகுகளுக்குச் சத்தம் வந்துவிட்டது. அரை விநாடி தாமதம்தான், ஆனால் அக்காவைத் தவிர யாரையும் அது உறுத்தவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த நகராட்சி ஊழியர், இனம் என்கிற கட்டத்தில் 'புறா' என்றும், நிறம் என்கிற கட்டத்தில் ஒரு கோடும் போட்டுவிட்டுப் போனார்.

சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. முதலாளி வந்த அன்று அவருக்குப் பின்னால் கம்பெனியின் ஒலிக்காரரும் வந்திருந்தார். அறுபத்தொரு வயது, மனைவி இல்லை, முப்பது வருஷமாக ஒலி துடைக்கிறவர். முதலாளி விசில் அடித்துக்கொண்டிருந்தபோது இவர் ஜன்னலடியில் நின்று, "ஒலிக்கு ஒன்பது போட்டது யாரு?" என்று கேட்டார். கண்ணாடிக் கடைக்காரர் தன் பத்தொன்பது வருஷ ரகசியத்தை விழுங்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "நான்தான். ஏன்?" என்றார்.

"பத்துல ஒண்ணு எங்க போச்சு?"

"ஆறாவது ரீல்ல ஒரே கதவு ரெண்டு தடவை சாத்துது."

அந்தக் கதவைப் பற்றி உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒலிக்காரர் நினைத்திருந்தார். மறுநாள் அவர் வேறொரு டிஸ்க்கோடு வந்தார், அதற்கு மறுநாள் இன்னொன்றோடு. தங்கக் காது யாருடையது என்பது வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. பத்திரிகையில் அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பெயர் போட்டார்கள், படத்துக்குத் தம்பி, ஒலிக்கு அக்கா என்று. வாசகர் கடிதங்கள் இரண்டு பங்காயின. அக்கா அவற்றைப் படித்துவிட்டு அவரைக்காய்த் தோல் போடப் பயன்படுத்திக்கொண்டார்.

பஞ்சு இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் பெரிய கம்பெனிக்குத் தலைமை வேலைக்குப் போய், அங்கே சினிமாவே பார்க்காத ஒரு கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் என்று தெருவில் நாம் சிலர் போட்டுவைத்திருந்த கணக்கு பொய்த்தது. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு எண்ணமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது, அதுவும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அக்காவும் ஒலிக்காரரும் அதற்கு முந்திய வருஷமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். பத்து நிமிஷ வேலை, ஆனாலும் ஒலிக்காரரின் நண்பர் ஒருவர் வீடியோ எடுத்தார். டிஸ்க் வந்ததும் தம்பி வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லோருக்கும் பச்சை முகம், ஆறு என்றார். மாப்பிள்ளை தன் தொழில் மரியாதைக்காக, மைக்கை எங்கேயோ வைத்திருக்கிறான், ஒலிக்கு ஐந்துதான் தேறும் என்றார்.

"பத்து" என்றார் அக்கா.

அவர் வாயிலிருந்து அந்த எண் அதுவரை வந்ததே இல்லை. இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் கையெழுத்துப் போடறப்போ இடது பக்கத்துல ஒருத்தன் மூக்கை உறிஞ்சறான். படத்துல மூஞ்சி தெரியல. முதுகைக் காட்டிட்டு ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு நிக்கறான்."

"சளி அக்கா" என்றார் தம்பி. "அன்னிக்கு எனக்குச் சளி."

"சரி" என்று சொல்லிவிட்டு அக்கா அந்த இடத்தை மறுபடி போட்டார்.